தள்ளுபடியான கடன் சிபிலில் மட்டும் உயிரோடு இருப்பதா?

(சங்கத்தின் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாற்றங்கால் வேலையைப் போட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றோம்.

நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருத்தர். இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்கார். பேரைச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம். மூணு ஏக்கர் நஞ்சை. 2006-ல் ஒரு வங்கியில் 28 ஆயிரம் ரூபாய் பயிர்க்கடன் வாங்கினார். வெள்ளாமை கைகொடுக்கல, கட்ட முடியல. 2008-ல் மத்திய அரசு கடன் தள்ளுபடி அறிவித்தது. 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயி 2007 மார்ச் 31-க்குள் வாங்கி, அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் தவணை தவறி, 2008 பிப்ரவரி 29 வரை கட்டாமல் நின்ற கடன் முழுக்கத் தள்ளுபடி. வங்கி வாசலில் ஒட்டிய பட்டியலில் இவர் பேரும் இருந்தது. தலைக்கு மேல இருந்த பாரம் இறங்கிச்சுன்னு மனுஷன் நிம்மதியா இருந்தார்.

போன சம்பாவுக்கு விவசாயக் கடன் அட்டை கேட்டு வேறொரு வங்கிக்குப் போனார். சிட்டா, அடங்கல் எல்லாம் சரி. மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "பெரியவரே, உங்க சிபில்ல பழைய பாக்கி நிக்குது, கடன் தர முடியாது"ன்னுட்டார். விதைக்கும் உழவுக்கும் பணம் வேணுமே! வீட்டுக்காரம்மா சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. மூணு வட்டி.

அப்புறம்தான் எங்ககிட்ட வந்தார். அவரோட நாங்க நாலு பேர் பழைய வங்கிக்குப் போனோம். "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு"ங்கிறதுதான் முதல் நாள் பதில். மூணாவது தடவை பழைய கணக்கை எடுத்துக் காட்டினாங்க. அசலும் வட்டியும் தள்ளுபடி ஆயிருக்கு. ஆனா அபராத வட்டி, ஆய்வுக் கட்டணம்னு 1,840 ரூபாயைத் தனியா நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்த 1,840-க்காகத்தான் இவர் பதினாறு வருஷமா கடன் கட்டாதவர்!

தோழர்களே, அந்தத் தள்ளுபடித் திட்டத்தின் வழிகாட்டு நெறியில் என்ன எழுதியிருக்கு? அபராத வட்டி, வழக்குச் செலவு, ஆய்வுக் கட்டணம் எதையும் வங்கி அரசிடமும் கேட்கக் கூடாது, விவசாயியிடமும் வசூலிக்கக் கூடாது. தள்ளுபடி ஆன சிறு, குறு விவசாயி புதுக் கடன் வாங்கத் தகுதி உள்ளவர்னும் அதிலேயே இருக்கு. ஆக, பாக்கின்னு அவங்க காட்டினது பாக்கியே இல்லை. அந்தத் திட்டத்தை நடத்தின லட்சணத்தைப் பற்றி 2013-ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்தார். சோதித்த கணக்குகள் பலவற்றில் தள்ளுபடிச் சான்றிதழ் விவசாயி கைக்குப் போனதற்கு அத்தாட்சியே கிடையாதாம். சான்றிதழே கொடுக்காதவங்க, இப்ப நம்மகிட்ட "சான்றிதழ் எங்கே?"ன்னு கேக்கறாங்க!

சிபில்னா ஏதோ கோர்ட்டுத் தீர்ப்புன்னு நம்ம ஆட்கள் பயப்படறாங்க. அது 2000-ல் தொடங்கின ஒரு கம்பெனி. அதே மாதிரி இன்னும் மூணு கம்பெனி இருக்கு. 2005-ஆம் வருஷச் சட்டப்படி நடக்குது. வங்கி எழுதி அனுப்புறதை அது வாங்கி வெச்சுக்குது, அவ்வளவுதான். வங்கி தப்பா எழுதினா அதுவும் தப்பாத்தான் காட்டும். "ஏழு வருஷம் ஆனா தானா அழிஞ்சுடும் அண்ணே"ன்னு டீக்கடையில சொல்றாங்க பாருங்க, அதை நம்பாதீங்க. குறைந்தது ஏழு வருஷம் வெச்சிருக்கணும்னுதான் விதி. அப்புறம் அழிச்சே ஆகணும்னு இல்லை. நாம கேட்டாத்தான் திருத்துவாங்க.

கேட்கிற உரிமை அந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவிலேயே இருக்கு. ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாத் தரணும். இ-சேவை மையத்துலயோ, வீட்டுப் பிள்ளைகள் போன்லயோ எடுத்துப் பாருங்க. நிலுவைத் தொகையை மட்டும் பார்த்தா போதாது. அந்தக் கணக்கைப் பற்றி வங்கி கடைசியா எந்தத் தேதியில தகவல் கொடுத்ததுன்னு இருக்கும், அதையும் பாருங்க. பல வருஷத்துக்கு முந்தின தேதி இருந்தா, அதுக்கப்புறம் அந்தக் கணக்கை யாரும் தொட்டே பார்க்கலன்னு அர்த்தம். ஒருமுறைத் தீர்வுல கட்டினவங்களுக்கு 'முடிந்தது'ன்னு இல்லாம 'சமரசம்'ங்கிற மாதிரி போட்டிருப்பாங்க. அதுவும் புதுக் கடனுக்குக் குறுக்கே நிற்கும்.

தப்பு இருந்தா அந்தக் கம்பெனிக்கும் எழுதணும், வங்கிக்கும் பதிவுத் தபால்ல எழுதணும். வாயால சொன்னது கணக்குல வராது. ஒப்புகை அட்டையைப் பத்திரமா வெச்சுக்குங்க, ஏன்னா நாள் கணக்கு அதுலதான் இருக்கு. 30 நாளுக்குள் முடிக்கணும். முடிக்கலைன்னா, அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. 2024 ஏப்ரல் 26 முதல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. திருத்த முடியாதுன்னா காரணத்தை எழுத்துல தரணும். அதுக்கும் மசியலைன்னா ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் இருக்கார், கட்டணம் கிடையாது.

நம்ம உறுப்பினருக்கு 26-ஆவது நாள் பதில் வந்தது. நிலுவை பூஜ்யம், கணக்கு முடிந்தது. சந்தோஷம்தான். ஆனா அதுக்குள்ள சம்பா அறுவடையே முடிஞ்சு போச்சு. அடகுக் கடை வட்டியை யார் கட்டுறது? தப்பு எழுதின வங்கி ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கலையே!

2025-ல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கணும்னு சொன்னப்ப தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் ஏன் கொதிச்சாங்கன்னு இப்ப புரியுதா? அதனாலதான் நாங்க கேக்கறோம்: தள்ளுபடியான கணக்குகளை வங்கிகளே தேடி எடுத்துத் திருத்தணும். ஒவ்வொரு விவசாயியும் செருப்புத் தேய அலையக் கூடாது. அதுக்கு ஊர் ஊரா முகாம் போடணும். வங்கித் தப்பால கடன் மறுக்கப்பட்டவருக்கு அந்தப் பருவத்தின் வட்டி நஷ்டத்தையும் வங்கியே தரணும்.

வர்ற வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரும் வருவார். காலை 9 மணிக்குப் பேருந்து நிலையத்தில் கூடி ஊர்வலமாப் போறோம். சிபில் அறிக்கை, பழைய பாஸ்புக், தள்ளுபடிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. மனு எழுத நம்ம தம்பிகள் இருப்பாங்க. ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க. ஜெராக்ஸ் போதும்.