மின்கணக்கும் தமிழில் ஆகும்

(நெரவியில் மாணவரும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விளக்கு மங்கினால் ‘வோல்டேசு இல்லை’ என்கின்றனர் மக்கள். கம்பி சுட்டால் ‘லோடு தாங்கவில்லை’ என்கின்றனர். கட்டணச் சீட்டு வந்தால் ‘யூனிட்டு ஏறிவிட்டது’ என வருந்துகின்றனர். மூன்று சொல்லும் நாவில் உள. மூன்றன் பொருளும் நெஞ்சில் இல. பொருள் விளங்காச் சொல் வீட்டிற்குள் புகின் அதனோடு இடரும் புகும்.

அரசலாற்று நீர் மதகின்வழி வாய்க்காலிற் பாய்வதைக் காணாத பிள்ளை இப்பகுதியில் இல்லை. மதகின் மேற்புறம் நீர் உயர்ந்து நின்று தள்ளுகிறதே, அத் தள்ளுதலே மின்னழுத்தம். நொடிதோறும் பாயும் நீரின் அளவே மின்னோட்டம். வாய்க்கால் குறுகியும் கோரை மண்டியும் பாய்ச்சலை மறிப்பதே மின்தடை. பாயும் நீர் நொடிதோறும் செய்யும் வேலையே மின்திறன். அழுத்தம், ஓட்டம், தடை, திறன் என்னும் இந்நான்கு சொல்லும் தம் பொருளைத் தாமே உரைப்பன. ‘ரெசிசுட்டன்சு’ என்று உருப்போடும் பிள்ளைக்கு அது வெறும் ஒலி. ‘தடை’ என்று கேட்கும் பிள்ளைக்கோ பாதிப் பாடம் அப்போதே முடிந்தது.

இனிக் கணக்கு. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை; அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன். இவ்வளவே. 230 வோல்ட்டு அழுத்தத்தில் ஒரு நீர்சூடாக்கி 5 ஆம்பியர் கொள்ளின், அதன் தடை 46 ஓம். திறன் 1,150 வாட்டு. ஆயிரம் வாட்டுக் கருவி ஒருமணி நேரம் இயங்கினால் கட்டணச் சீட்டின் ஓர் அலகு. விளக்கு, சூடாக்கி போன்றவற்றிற்கு இக்கணக்கு அப்படியே பொருந்தும். நீரிறைக்கும் பொறிக்கோ திறன்காரணி என்னும் மற்றொன்றையும் சேர்த்தே பெருக்கவேண்டும்.

இக்கணக்கு தேர்வுத்தாளோடு முடிவதன்று. 1,500 வாட்டுச் சூடாக்கியை 230 வோல்ட்டில் இணைத்தால் ஓட்டம் 6.5 ஆம்பியர். சுவரிலுள்ள சிறிய செருகுவாய் தாங்குவதோ 6 ஆம்பியரே. அதிலேயே 750 வாட்டுத் துணித்தேய்ப்பியையும் மாட்டினால் ஓட்டம் ஏறத்தாழ 9.8 ஆம்பியர் ஆகும். கம்பியுறை உருகிக் கூரை பற்றியபின் விதியை நோவதாற் பயனென்? கருவியின் மேல் எழுதியுள்ள வாட்டை 230 ஆல் வகுக்கத் தெரிந்த சிறுமி, அவ்வீட்டைக் காத்திருப்பாள்.

இன்னுமொன்று காண்க. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக்கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0172 ஓம். நூறு மீட்டர்த் தொலைவிலுள்ள கொட்டகைக்குப் போக்கும் வரவுமாக 200 மீட்டர், தடை 3.44 ஓம். 5 ஆம்பியர் ஓடின் கம்பியிலேயே 17.2 வோல்ட்டு குறையும். 86 வாட்டு வெப்பமாகும். 10 ஆம்பியர் ஓடின் 34.4 வோல்ட்டு குறையும். வெப்பமோ 344 வாட்டு! ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்கு. விளக்கு மங்குவதன் மருமம் இதுவே.

திருமலைராயன்பட்டினத்தில் 2000-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எரிவளி மின்நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட்டு. அதனை 230 வோல்ட்டிலேயே அனுப்புவதாயின், மூன்று கட்டப் பிரிவை விடுத்து எளிதாகக் கணக்கிட்டால், ஓட்டம் 1,41,000 ஆம்பியரைத் தாண்டும், எக்கம்பி தாங்கும்? அழுத்தத்தை 1,10,000 வோல்ட்டாக உயர்த்தின் 295 ஆம்பியரே போதும். உயரக் கோபுரங்களில் உயர் அழுத்தக் கம்பிகள் செல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

இவ்வுண்மையைக் கண்ட ஓம் ஒரு பள்ளியாசிரியர், பூட்டுத்தொழிலாளியின் மகன். 1827-இல் தம் நூலைத் தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் எழுதினார். அவர் நாட்டார் உடனே போற்றினாரல்லர். 1841-இல் இலண்டன் அரசக் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. ஆம்பியர் பிரெஞ்சில் எழுதினார். 1954 வரை காரைக்காலை ஆண்டதும் அம்மொழியே. ஆயினும் அம்மொழி ஆண்டதால் அறிவியல் இங்கு வேரூன்றிற்றா? அவரவர் மொழியில் எண்ணியவரே புதியது கண்டனர்.

ஓம், ஆம்பியர், வாட்டு என்பன ஆட்பெயர்கள். அவற்றைத் தமிழ் எழுத்திற்கேற்ப எழுதிக்கொள்வதில் இழுக்கில்லை. பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தால் ஆளும் நெறியைத் தொல்காப்பியரே வகுத்தார். ஆனால் தடைக்கும் திறனுக்கும் கடன் எதற்கு?

2023–24 கல்வியாண்டில் புதுவை ஒன்றியப் பகுதி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளிலும் நடுவண் வாரியப் பாடத்திட்டம் வந்தது. பள்ளியில் பிள்ளை எம்மொழியிற் கேட்பினும், வீட்டில் அதனைத் தமிழாற் கேட்டுத் தமிழாற் சொல்லச் செய்வது பெற்றோர் கடன். இன்றிரவே வீட்டிலுள்ள கருவிகளின் வாட்டைப் பிள்ளைகள் எழுதட்டும், ஓட்டத்தைக் கணக்கிடட்டும், செருகுவாய் தாங்குமா என்று பெற்றோர்க்குச் சொல்லட்டும். அறிவியல் தமிழ் மேடையில் வளர்வதன்று. அடுக்களைச் சுவரில் வளர்வது.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!