வாயிலுக்கு வந்த வணிகரும் தலைச்சுமை தாங்கிய தாயரும்

(புன்னைக்காயலில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுகவென்று சங்கத்தார் என்னைப் பணித்தபோது, தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாகிய யான் கொற்கையையும் பாண்டியர் முத்தையும் பற்றிப் பேசுவேனென்று உங்களிற் பலர் எண்ணியிருத்தல் கூடும். அவை பற்றி என்னினும் வல்லார் பலர் இம்மேடையிற் பேசியுள்ளனர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. நம் வாயிலுக்கு வந்து பண்டம் விற்றவர்களைப் பற்றியும், பிறர் வாயிலுக்குச் சென்று பண்டம் விற்ற நம்மவரைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றேன். குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

தமிழிற் 'பகர்தல்' என்றொரு சொல் உண்டு. சொல்லுதல் என்பது அதன் பொருள்; விற்றல் என்பதும் அதன் பொருளே. வீதிதோறுந் திரிந்து விற்போரை இளங்கோவடிகள் 'பகர்வனர்' என்பர். கூவி விற்றவனுக்கு வாய்ச்சொல்லே கடைப்பலகை, வாய்ச்சொல்லே கணக்கேடு. இவ்வொரு சொல்லில் நம் முன்னோரது வாணிபமுறை முழுதும் அடங்கியிருக்கின்றதென்பது என் கருத்து.

யான் சிறுவனாயிருந்த 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் நம்மூர்த் தெருக்களில் பொழுதை அறியக் கடிகாரம் வேண்டியதில்லை. விடிந்ததும் மிதிவண்டிப் பெட்டியில் ரொட்டி வரும். அதன் ஊதுகுழலோசை கேட்டுப் பிள்ளைகள் எழுவர். பங்குனி சித்திரையில் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து பெண்கள் பதநீர்ப் பானை சுமந்து வருவர். ஓலைப்பட்டை மடித்து அதில் வார்ப்பர். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி ஓலைக்கொட்டானில் வரும். வெயிலேறியபின் வளையற்காரர் வருவார். அம்மி கொத்துவோரும், பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரும், சாணை பிடிப்போரும் முறைவைத்து வருவர். நாள்தோறும் மீனரியும் ஊராதலின், சாணைக்காரருக்கு நம்மூரில் வேலை குறைவதில்லை; அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தெருமுனைக்கு ஓடுவர். மார்கழித் திருநாளுக்கு முன் பத்தமடைக் கோரைப்பாய் கட்டுக்கட்டாய் வரும். இரவில் மணியொலித்து வருவது சோன்பப்டி வண்டி.

எங்கள் தெருவிற் பார்வையிழந்த முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருப்பார். குரல் கேட்ட அளவில் இன்னார் வருகின்றார், இன்ன நேரமாயிற்று என்பார். ஒருநாள் ஒரு குரல் வரவில்லையெனின், "அவருக்கு என்ன நேர்ந்ததோ?" என்று கவலுவார். தெருவுக்கு அவர்கள் பண்டம் மாத்திரம் கொண்டுவரவில்லை. தங்களைக் குறித்த கவலையையும் சேர்த்தே கொண்டுவந்தனர்.

இவர்களுள் ஒருவரை யான் என்றும் மறவேன். ஆத்தூரிலிருந்து வெற்றிலை கொண்டுவந்த ஓர் அம்மையார் அவர். ஆத்தூர் வெற்றிலை 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றதென்று இன்று யாவரும் பெருமையுறுகின்றோம். அக்குறியீட்டுக்கு முன்னரே நம்மூர்க் கிழவிகளின் வாய் அவ்வெற்றிலைக்குச் சான்று கூறிற்று. வாரம் இருமுறை ஈரத்துணி போர்த்திய கூடையுடன் அவர் வருவார். தெருக்கோடியில் அவர் கூவினால் மறுகோடியிற் கேட்கும். எங்கள் வீட்டுச் சுவரில் அவர் கணக்கு கரிக்கோடாய் இருக்கும். ஒரு கோடு ஒரு கவுளி. கோடு கிழிப்பவர் என் தாயார்; அவ்வம்மையார் ஒருநாளும் அதனை எண்ணிப் பார்த்திலர்.

ஓராண்டு ஆடி மாதத்திற் கச்சான் காற்று ஓயாமல் அடித்தது. வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. எங்கள் வீட்டில் வலை உலர்ந்தது, அடுப்பும் உலர்ந்தது. சுவரிற் கோடுகள் பெருகின. அவ்வம்மையாரின் குரல் தெருவில் எழுந்ததும் என் தாயார் முற்றத்தினின்றும் உள்ளே போய்விட்டார். யான் வாயிலில் நின்றேன். அடுத்த வீடுவரை உரக்கக் கூவிவந்தவர் எங்கள் வாயிலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பாட்டியாருக்கு வேண்டிய வெற்றிலையைத் திண்ணையில் வைத்து, உள்நோக்கி மெல்ல, "மதினி, வள்ளம் இறங்கட்டும், கணக்கு எங்கே ஓடிப்போவுது?" என்று கூறி நடந்தார். எங்கள் வாயிலைக் கடந்து இரண்டு வீடு சென்ற பின்னரே அக்குரல் மறுபடியும் எழுந்தது. கூவுதலையே தொழிலாகக் கொண்டவர், கடன்பட்டார் வாயிலிற் கூவாதிருந்தமையின் அருமை அன்று எனக்கு விளங்கவில்லை. பிறர் மானத்தைக் காத்தலும் வாணிபத்தின் ஒரு பகுதியென்பதை இன்று உணர்கின்றேன்.

அன்பர்களே! அக்காலம் பொற்காலமென்று யான் சொல்ல வரவில்லை. கடனுக்குக் கொடுத்த பண்டத்திற்கு விலை சற்று ஏறியே இருந்தது. படியில் குறைத்து அளந்தவரும் இருந்தனர். கொடும்வெயிலில் நடந்த அம்மையார்க்கு ஒதுங்க ஓரிடம் இல்லை. இன்று கைப்பேசியில் விரலால் தொட்ட அளவில் பண்டம் வீட்டுக்கு வருகின்றது. பெருநகரங்களிற் பத்தே நிமிடத்திற் கொணர்வோமென்று விளம்பரஞ் செய்ததும் உண்டு. நோயாளிக்கும் முதியோர்க்கும் இது பெருநன்மையே. ஆயினும், கொண்டுவரும் இளைஞனின் பெயரை நாம் கேட்பதில்லை. பொட்டலத்தை வாங்கிக் கதவை அடைக்கின்றோம். அவனும் யாரோ ஒரு தாயின் மகனன்றோ? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை பெய்து, தாமிரபரணி கரைபுரண்டு, இப்பகுதி ஊர்கள் பலவற்றுக்கு வழியற்றுப்போயிற்றே, அப்பொழுது கைப்பேசி வாயடைத்தது. உணவை வாயிலுக்குக் கொணர்ந்தவை படகுகளும் மனிதக் கைகளுமே.

இனி, யான் சொல்ல வந்ததன் உயிர்நிலைக்கு வருகின்றேன்.

இதுகாறும் நம் வாயிலுக்கு வந்தவரைச் சொன்னேன். நம்மவரும் பிறர் வாயிலுக்குச் சென்றவர்களே. நெய்தனிலத்துப் பெண்டிர் உள்நாடு சென்று பண்டம் விற்றமை சங்கநூல்களிற் பலவிடத்துக் காணப்படுவது. அகநானூற்று 140ஆம் பாட்டில், அம்மூவனார் என்னும் புலவர், உப்பு விற்கும் உமணர் மகளொருத்தியைக் காட்டுகின்றார். நெல்லுக்கு நேராக உப்பென்று அவள் சேரியில் விலை கூறிச் செல்ல, பழகாத குரல்கேட்டு வீட்டு நாய் குரைக்கின்றது. அவள் அஞ்சி விழிக்கின்றாள். வாயில்தோறும் விற்றுச் செல்லும் பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய ஓவியங்களுள் அஃதொன்று.

என் பாட்டியாரும் அவ்வாறு சென்றவரே. விடியுமுன் கரையில் மீனெடுத்து, தலையிற் சும்மாடு வைத்து, அதன்மேற் பனையோலைக் கடகப்பெட்டியை ஏற்றி, உள்நாட்டூர்களுக்கு நடந்து போவார். மீன் வாயாத நாளிற் கருவாடு. காசில்லா வீட்டில் நெல்லோ புளியோ வாங்கிக்கொள்வார். எந்த வீட்டிற் பிள்ளைபெற்றவள் இருக்கின்றாள், அவளுக்குப் பால்சுறா வேண்டுமென்பதெல்லாம் அவர் அறிவார். அவ்வீடுகளின் சுவரில் அவர் கணக்கும் கோடாய் இருந்திருக்கும்.

யான் உள்நாட்டூர்ப் பள்ளியொன்றிற் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இடைவேளையில் நண்பருடன் வாயிலில் நின்றபோது, தெருமுனையில் என் பாட்டியாரின் குரல் கேட்டது. நாயொன்று குரைத்தது. உடனிருந்த சிறுவனொருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகைத்தான். யான் உள்ளே ஓடிச் சுவருக்குப்பின் ஒளிந்தேன். ஓடுவதை அவர் கண்டாரென்பது மாலையில் தெரிந்தது. கடிந்தாரல்லர். "இனிமே அந்தத் தெருப்பக்கம் வரமாட்டேன் ராசா" என்றார். அதன்பின் அத்தெருவழி வந்திலர். அத்தெருவில் அவருக்கிருந்த வாடிக்கை வீடுகளும் அத்துடன் போயின. அப்பெட்டியிலிருந்து வந்த பணமே என் பள்ளிக்கட்டணமென்பதைப் பல்லாண்டு கழித்தே என் தாயார் வாயிலாக அறிந்தேன். அப்பொழுது பாட்டியார் இல்லை. இன்று வகுப்பில் அம்மூவனார் பாட்டை நடத்துங்கால், நாய் குரைக்கும் அடிக்கு வந்ததும் என் குரல் தடைப்படுகின்றது. மாணாக்கர் காரணம் அறியார். உங்களிடமே முதன்முறையாகச் சொல்கின்றேன்.

இஃது என் ஒருவனது பிழையன்று என்பதனாலேயே சபையிற் கூறுகின்றேன். 2021 டிசம்பரில் குமரிமாவட்டத்துக் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதியவளொருத்தியை நாற்றமடிக்கின்றதென்று அரசுப் பேருந்தினின்றும் இறக்கிவிட்டனர். அவ்வம்மை பேருந்து நிலையத்தில் நின்று கேட்ட நீதி நாடெங்குங் கேட்டது, முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பிறர் இழிவுசெய்யின் நாம் சினக்கின்றோம், அது தகும். ஆனால் நம் வீட்டுப் பெட்டியை நாமே மறைக்கின்றோமே, அதற்கு யாரைச் சினப்பது? நம் சங்க மேடைகளில் முத்துக்குளிப்பைப் பேசாத நாளில்லை. தூத்துக்குடிக் கடலில் அது கடைசியாக நடந்தது 1961இல். அதன்பின் நம் குடிகளிற் பலவற்றை உண்பித்ததும் படிப்பித்ததும் நம் தாயரின் தலைச்சுமையன்றோ? முத்துக்கு மாலை சூட்டும் நாம் அச்சும்மாட்டுக்கு ஒரு சொல்லும் சூட்டவில்லை.

ஆதலின் மூன்று விண்ணப்பங்கள் செய்து அமைகின்றேன்.

முதலாவது: வீதி வணிகரைக் காக்கும் சட்டம் 2014ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுள்ளது. தலைச்சுமையாய்த் திரிந்து விற்போரும் அதனுள் அடங்குவர். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாமல் விற்போரே இருத்தல்வேண்டும். அவருள் மூன்றிலொரு பங்கு பெண்டிர். தூத்துக்குடி முதலிய நகரங்களில் விற்கும் நம் பெண்கள் சான்றிதழ் பெறச் சங்கம் துணைநிற்க.

இரண்டாவது: மீன் சுமந்த முதுபெண்டிர் நம்மூர்களில் இன்னும் உளர். அவர்கள் சென்ற வழியையும், விற்ற முறையையும், கூவிய குரலையும் கேட்டு இவ்விதழில் எழுதிவைப்போமாக. இப்பணியில் என் மாணாக்கரை ஈடுபடுத்த யான் சித்தமாயிருக்கின்றேன்.

மூன்றாவது: உங்கள் வாயிலுக்கு எவர் பண்டம் கொணரினும், கூடைக்காரியாயினும் வண்டியில் வரும் இளைஞனாயினும், பெயரைக் கேளுங்கள், ஒரு குவளை நீர் கொடுங்கள். நம் தாயர் பிறர் வாயிலில் அதனை எதிர்பார்த்து நின்றவர்கள்.