மழையும் பாவமும்
(கோவில்பட்டி வட்டாரக் கூட்டத்தில் பேசியது)



இந்தக் கரிசல் சீமையில் ஐப்பசி மழை கொஞ்சம் பிந்திவிட்டால் ஊரில் வரி போட்டு வருண ஜபம் என்கிறார்கள். கழுதைக்குக் கல்யாணம் என்கிறார்கள். கொடும்பாவி கட்டி இழுக்கிறார்கள். காரணம் கேட்டாலோ, ஜனங்கள் பாவம் செய்தார்கள், ஜாதி ஆசாரம் கெட்டது, அதனால் மழை நின்றது என்கிறார்கள்.

சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். 1856-ல் ஒடிசாவில் தால்ச்சேர் என்கின்ற இடத்தில் பிளான்போர்டு சகோதரர்கள், மெல்லிய களிமண் படிவத்துக்குள் பெரும் பெரும் பாறாங்கற்கள் கிடப்பதைக் கண்டு, இவை ஐஸ் கொண்டுவந்து போட்டவை என்றார்கள். ஏறக்குறைய 30 கோடி வருஷங்களுக்கு முன் நம் தேசம் தென் துருவத்துக்கு அருகில் கிடந்தது என்பதும், பனிப்பாளம் அதை மூடியிருந்தது என்பதும் இன்று தெரிந்த விஷயம். தோழர்களே! அப்பொழுது மனிதனே கிடையாது. மேல் ஜாதியும் இல்லை, கீழ் ஜாதியும் இல்லை. பின் யார் செய்த பாவத்துக்காக அவ்வளவு பனி மூடிற்று என்று நாம் கேட்கிறோம்.

அவ்வளவு தூரங்கூடப் போக வேண்டாம். சுமார் 20,000 வருஷங்களுக்கு முன்னும் உலகத்தில் பனிக்காலந்தான். தண்ணீர் வடக்கே ஐஸாக உறைந்து நின்றதால் கடல் சுமார் 400 அடி கீழே இறங்கிக் கிடந்தது. அன்று இராமநாதபுரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். எந்தக் குரங்கும் அணை கட்ட வேண்டியதில்லை!

இந்தப் பனிக்காலம் ஏன் வந்து வந்து போகிறது? மிலாங்கோவிச் என்ற செர்பிய தேசத்துக் கணித நிபுணர், பூமி சூரியனைச் சுற்றும் பாதையும், அதன் சாய்வும், பம்பரம் போன்ற தள்ளாட்டமும் ஆயிரக்கணக்கான வருஷங்களில் மெள்ள மாறுவதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு, 1941-ல் புஸ்தகமாக வெளியிட்டார். அவர் ரிஷி என்று யாரும் கும்பிட்டு நம்பிவிடவில்லை. கடலடிச் சேற்றைத் தோண்டிச் சோதித்து, 1976-ல்தான் கணக்கு ஒத்துவருகிறது என்று காட்டினார்கள். ஒத்துவராதிருந்தால் தள்ளியிருப்பார்கள். ஜபத்தை இப்படிச் சோதிக்க எந்தப் புரோகிதராவது சம்மதிப்பாரா?

ஆனால், இப்பொழுது மாறிவருகின்ற சீதோஷ்ணம் மனிதனால்தான். பாவத்தினால் அல்ல, கரியினால்! தால்ச்சேர்ப் பனி உருகிய பிறகு முளைத்த காடுகளே அங்கே நிலக்கரியாயின. அந்தக் கரி கப்பலேறி வந்து நம் தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலும் எரிந்திருக்கிறது. இப்படி உலகமெங்கும் எரித்ததால், காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயு 420-க்கு மேல் ஏறிவிட்டது. அதனோடு சூடும் ஏறுகிறது.

மனிதன் கெடுத்ததை மனிதன்தான் சீர்திருத்த வேண்டும், கழுதை சீர்திருத்தாது. ஆகையால் ஜபத்துக்குத் தண்டுகிற பணத்தைக் கொண்டு கண்மாயைத் தூர்வாருங்கள். 1901-ல் ஏற்பட்ட விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இந்தக் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. எந்த மழைக்கு எந்த விதை என்று அங்கே போய்க் கேளுங்கள். பாவத்தால் மழை நின்றது என்பவனைக் கண்டால், கணக்கு எங்கே என்று கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் சொந்த புத்தியைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள்.