பாகாலுக்காக வாதாட வந்திருக்கிறேன்

நான் பேச வேண்டியதில் பாதியை எனக்கு முன்னாலேயே பேசிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, பின்னால் பைக் மேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே! உங்களைத்தான் தம்பி. போனை உள்ளே வைக்க வேண்டாம். இன்னைக்குப் பேச்சே அதைப் பத்தித்தான்.

வீடியோ கேம் வில்லன்கள் எந்தப் புராணத்துல இருந்து வந்தாங்கன்னு பேசச் சொன்னாங்க. போன வாரம் இன்னொரு மேடையில ஒரு பெரியவர், கேம் ஆடுற பிள்ளையெல்லாம் அசுரனாப் போயிடும்னு முழங்கியிருக்கார். யாருன்னு சொல்ல மாட்டேன், சொன்னா விளம்பரமாயிடும். ஆனா அந்த கேம்ல வர்ற அசுரன் யாருன்னு அவருக்குத் தெரியுமா? வர்றேன், அசுரன்கிட்ட வர்றேன்.

முதல்ல டயாப்லோ கேம். இரண்டாம் பாகம் 2000ல வந்துச்சு. அதோட தொடர்ச்சி 2001ல. அதுல கடைசி வில்லன் யாரு? ஆங், பைக் மேல இருந்து பதில் வருது பாருங்க! பால்! ஆவின் பால் இல்லம்மா. தமிழ் பைபிள்ல பாகால்னு வருமே, அந்தப் பாகால். கேம்ல அவனுக்குச் சிலந்தி மாதிரி கால். பட்டம் என்ன தெரியுமா? அழிவின் அதிபதி!

அவன் யார் தெரியுமா? மழை சாமிங்க! இடி, மின்னல், மழை. சிரியாக் கடற்கரையில விவசாயி வானத்தைப் பார்த்துக் கும்பிட்ட சாமி. அவனைப் பத்தி உலகம் ரொம்ப காலமா எதைப் படிச்சுது? பெரும்பாலும் அவனை எதிர்த்தவங்க எழுதி வச்சதை. எதிர்க்கட்சி மேடையை மட்டும் கேட்டுட்டு ஒருத்தருக்குத் தீர்ப்பு எழுதினா எப்படியிருக்கும்? நம்மகிட்ட கேளுங்க, நாங்க அனுபவிச்சவங்க!

அப்போ நடந்துச்சு ஒண்ணு. 1928. லடாக்கியா பக்கம் கடலோரத்துல ஒரு விவசாயி உழுதுகிட்டிருக்கார். ஏர்முனையில கல் தட்டுது. புரட்டிப் பார்த்தா பழைய கல்லறை. அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரங்க வந்து பக்கத்துல ராஸ் ஷம்ரா மேட்டைத் தோண்டினாங்க. உகாரிட்னு ஒரு நகரமே எழுந்து வந்துச்சு. களிமண் பலகைகள், முப்பது எழுத்து, மூவாயிரத்து சொச்சம் வருஷப் பழசு. அதுல இருந்தது பாகாலைக் கும்பிட்டவங்களே எழுதி வச்ச கதை!

கடலோட சண்டை போட்டு ஜெயிக்கிறான். ஆனா மோட், அவன்தான் சாவு, இவனை முழுங்கிடுறான். மழை போச்சு, நிலம் காய்ஞ்சு போச்சு. உடன்பிறந்தவ அனாத் சும்மா இருந்தாளா? சாவையே பிடிச்சா. வெட்டினா, தூத்தினா, சுட்டா, திருகையில அரைச்சா, வயல்ல விதைச்சா. அம்மா, நெல்லை என்ன செய்வீங்களோ அதைச் சாவுக்குச் செஞ்சிருக்கா ஒரு பொண்ணு! பாகால் திரும்பி வர்றான், மழை வருது. இவனா அழிவின் அதிபதி?

எழுத்தைப் படிச்சுச் சொன்ன அறிஞர்கள் பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. வேணும், இருக்கட்டும். ஏர் ஓட்டின மனுஷன் பேரை எத்தனை பேர் எழுதினாங்க? அவர் கும்பிடாத சாமிதான், அவர் முன்னோர் மறந்த சாமிதான். ஆனாலும் மழை சாமி திரும்பி வந்தது ஒரு உழவன் கையால!

சரி, ஜப்பானுக்குப் போவோம். எட்டுத் தலைப் பாம்பு, ஒரோச்சி. 712ல எழுதின கோஜிகியில இருக்கு. ஒரு வீட்டுல எட்டுப் பொண்ணு, வருஷத்துக்கு ஒண்ணா ஏழு பேரை முழுங்கிடுச்சு. இசுமோ பக்கம் பெருகி வர்ற ஆத்தைத்தான் பாம்புன்னு சொல்லியிருக்காங்கன்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. 2006ல வந்த ஓகாமி கேம்ல இவன் ஒரு பெரிய வில்லன். எப்படி ஜெயிச்சாங்க? கத்தியாலயா? இல்லை. சரக்கு! எட்டுத் தலைக்கு எட்டுத் தொட்டி. ஒரு தலை விட்டுப்போகலை! வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடாக் கொடுத்த மாதிரி கணக்கு! குடிச்சுச்சு, கவுந்துச்சு, வெட்டிட்டாங்க. கேம்லயும் அதேதான், வாயில ஊத்தித்தான் ஆகணும்.

நான் யாரையும் சொல்லலை. ஏன் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறீங்க? நான் ஜப்பானைச் சொல்றேன்! தொட்டி வச்சவங்க பேரும் எனக்குத் தெரியும், எந்தத் தெருவுல வச்சாங்கன்னும் தெரியும். அந்தப் பாம்பாவது ஒரே ஒரு தடவைதான் ஏமாந்துச்சு. நாம அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை!

எங்கே விட்டேன்? பேராசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தாய்மார்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். ஐஸ்லாந்துல 13ஆம் நூற்றாண்டுல ஸ்னோரி எழுதின கதை. பிள்ளை பால்டருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தாய் உலகத்துப் பொருள்கிட்டயெல்லாம் சத்தியம் வாங்குறா. புல்லுருவி ஒண்ணை மட்டும் விட்டுட்டா. அதாலேயே செத்தான். 2018ல வந்த காட் ஆஃப் வார் கேம் அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுச்சு. தாய் போட்ட மந்திரத்துல பிள்ளைக்கு வலி போச்சு, கூடவே ருசி போச்சு, சூடு போச்சு, தொட்டா தெரியலை. பெத்தவளையே கொல்ல வர்றான். பிள்ளை மேல தூசி படாம வளர்க்கிறவங்க யோசிங்க!

இப்போ அசுரன். நம்ம ஊர்ல இருந்து பௌத்தத்தோட கிளம்பினான். சீனா போனான், ஜப்பான் போனான். நாரா நகரத்துல கோஃபுகுஜி கோவில்ல அவன் சிலை நிக்குது, 734ல செஞ்சது. மூணு முகம், ஆறு கை. கோரைப்பல்? இல்லை. சின்னப் பையன் முகம். புருவம் லேசாச் சுருங்கி, யாரோ திட்டிட்ட மாதிரி நிக்கிறான். அந்த மண்ணுல இருந்து 2012ல ஒரு கேம் வந்துச்சு: அசுராஸ் ராத். கூட இருந்த தளபதிகளே துரோகம் பண்றாங்க. ராஜாவைக் கொன்ன பழி இவன் மேல. மனைவியைக் கொல்றாங்க, மகளைத் தூக்கிட்டுப் போறாங்க. ஆறு கையோட எழுந்து வர்றான் பாருங்க, ஒரு அப்பன்! அசுரன்தான் கதாநாயகன்! எதிரிங்க யாரு? ஏழு தெய்வங்கள்! அத்தனை பேருக்கும் மேல உட்கார்ந்திருக்கிற கடைசி வில்லன் பேரு என்ன? சக்கரவர்த்தி!

கைதட்டுங்க, நல்லாத் தட்டுங்க, அந்தப் பெரியவர் வீடு வரைக்கும் கேக்கட்டும்! இதை ஜப்பான்காரன் செஞ்சான். ஒரே ஒரு வருத்தம். அந்தச் சக்கரவர்த்தி வர்ற உண்மையான முடிவைத் தனியாக் காசு வாங்கிக்கிட்டு வித்தான் கம்பெனிக்காரன். படத்துல கிளைமாக்ஸுக்குத் தனி டிக்கெட்!

திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் பார்த்தவங்க கை தூக்குங்க. முதல்ல யானைத் தலையோட வர்றான். அது விழுந்தா சிங்கத் தலை. அதுவும் விழுந்தா சூரனோட சொந்தத் தலை. தம்பிகளே, இதுக்கு உங்க பாஷையில என்ன பேரு? பாஸ் ஃபைட்! மூணு கட்டம்! டச் ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடியே கடல் மணல்ல கூட்டம் கூட்டமா நின்னு பார்த்தோம். முடிவுல அவனை என்ன செஞ்சாங்க? மயிலாக்கி ஏறிக்கிட்டாங்க, சேவலாக்கிக் கொடியில வச்சாங்க. பாகாலுக்கு மாட்டின சிலந்திக் காலை எவனாவது கொண்டுவந்து நம்ம சூரனுக்கு மாட்டுறதுக்கு முந்தி, கேம் டிசைன் படிக்கிற தங்கச்சிங்க, தம்பிங்க நீங்களே இதை எடுத்துச் செய்யுங்க. அந்தச் சிரியா விவசாயிக்கும் எங்கேயாவது ஒரு இடம் கொடுங்க, ஏரோட.

மணி அடிச்சுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு: முடிவை மட்டும் தனியா வித்துடாதீங்க.