ஓட்டைகளைத் தேடும் கருவி

நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள காஞ்சிரங்குளத்தைப் பிறந்த ஊராகக் கொண்டவர்கள், பிழைப்பின் பொருட்டு எத்தனை தொலைவில் வாழ்ந்தாலும், ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகவேனும் அவ்வூர்ப் பஞ்சாயத்தை நாட வேண்டியிருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, இவ்வட்டம் கேரளத்திலேயே நின்றது. இன்று அப்பதிவேடுகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. ஆதலின், அக்கணினிகளின் பாதுகாப்பு வெளியூரில் வாழும் நம்மவரையும் தொட்ட செய்தியாகும்.

இது வீண் அச்சமன்று. 2017 மே 12-இல் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் அதற்கு இரையாயின. கோப்புகள் பூட்டப்பட்டன, திறப்பதற்குப் பணயத்தொகை கேட்கப்பட்டது. இதில் வருந்தத்தக்கது யாதெனில், அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது என்பதுதான். இடையில் 59 நாட்கள் இருந்தன!

இத்தகைய ஓட்டைகளைத் தேடுவதற்கென்றே மென்பொருட்கள் உள்ளன. ஆங்கிலப் பெயரை 'ஊறுபடுதன்மை நோட்டக் கருவி' என்று மொழிபெயர்த்தால் எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு நிறைவு உண்டாகலாம், கேட்பவருக்கு உண்டாகாது. 'ஓட்டை தேடும் கருவி' என்றே சொல்வோம். இக்கருவி வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணினியையும் தட்டிப் பார்க்கிறது. ஒரு கணினிக்கு 65,535 வாயில்கள் உண்டு. அவற்றுள் எவை திறந்துள்ளன, அங்கிருந்து மறுமொழி தரும் மென்பொருள் எது, அதன் பதிப்பு யாது என்று கேட்டறிந்து, ஏற்கெனவே அறியப்பட்ட குறைகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பின்னர் ஒவ்வொரு குறைக்கும் 10-க்கு இத்தனை என்று கடுமையைக் குறித்து அறிக்கை தருகிறது. பட்டியலில் இல்லாத குறையை அது அறியாது; சில வேளை இல்லாத குறையை உண்டென்றும் கூறும். அறிக்கையைப் படித்துத் தெளிய ஒருவர் வேண்டும்.

1995-இல் டான் ஃபார்மர், வீட்சே வெனிமா இருவரும் இத்தகைய கருவியொன்றை எல்லோருக்கும் இலவசமாக வழங்கினர். அதன் பெயர் 'சாத்தான்'! திருடனுக்கும் திறவுகோல் தருவதா என்று அன்றே பலர் சினந்தனர். அச்சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், திருடன் தானே தேடிக்கொள்வான். வீட்டுக்காரன்தான் இருட்டில் இருப்பான். ஆனால், உரியவர் இசைவின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். ஆகவே, எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்ற பின்னரே கருவியை இயக்குவது முறை.

குறை தெரிந்த பின்னர் திருத்தம் ஏற்றி, மீண்டும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கு அந்த வசதியும் அப்போது இல்லை. 2014-லேயே அதற்கான ஆதரவு நின்றுவிட்டதால், பொதுமக்களுக்கான திருத்தம் தாக்குதல் நடந்த பிறகே வெளிவந்தது. அத்தகைய கணினி எந்தப் பஞ்சாயத்திலேனும் இன்னும் இருக்குமாயின், அதன் வலைக் கம்பியைப் பிடுங்கித் தனியே வைப்பதே தக்கது.