வழுக்கவும் வேண்டும், பற்றவும் வேண்டும்

பனி என்னும் ஒரே சொல்லை நாம் எத்தனை பொருளில் வழங்குகிறோம்! மார்கழி விடியலில் எங்கள் கடத்தூர்ப் பக்கத்து அவரைக் கொல்லைகளின்மேல் புகைபோலப் படர்ந்திருப்பதும் பனி. அவரை இலையின் நுனியில் முத்துப்போலத் திரண்டு நிற்பதும் பனி. இமயச் சாரலில் ஆளுயரம் குவிந்து கிடப்பதும் பனிதான். மூன்றாவதாகச் சொன்ன அந்த வெண்பனியை, இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய சிலரைத் தவிர எங்கள் ஊரில் கண்டவர் அரியர். பங்குனி பிறந்துவிட்டால் புளியமர நிழலைத் தேடி ஒதுங்குகின்ற பூமி எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் பௌதிகம் கற்பிக்கும் நான், பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகிடும் முறையைப்பற்றிப் பேச வந்திருப்பது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், உராய்வு என்னும் பாடத்தை இத்தனை தெளிவாகக் காட்டக்கூடிய பொருள் வேறொன்று எனக்கு அகப்படவில்லை.

பனிச்சறுக்கில் இரு வகை உண்டு. மலைச்சரிவில் மேலிருந்து கீழே பாய்ந்து வருவது ஒன்று. சமவெளியிலும் மேட்டிலும் பள்ளத்திலும் தன் கால்வலியாலேயே பல கல் தொலைவு செல்வது மற்றொன்று. இரண்டாவதை நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு எனலாம். இது முதலில் விளையாட்டாகத் தோன்றியதன்று. குளிர்நாட்டு வேடனும் விறகுவெட்டியும் பனியில் புதையாமல் நடந்து பிழைப்பதற்குக் கண்ட வழி. ஸ்வீடன் நாட்டில் கால்வ்ட்ரேஸ்க் என்னுமிடத்தில் 1924ஆம் ஆண்டில் கண்டெடுத்த பலகை ஏறத்தாழ 5,200 ஆண்டுகள் பழமையானது.

இக்காலத்துப் பலகை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமும் நாலரை சென்டிமீட்டர் அகலமும் உடையது. பாதத்தின் முன்பகுதி மட்டும் அதனோடு பிணைந்திருக்கும். குதிகால் விடுபட்டு மேலெழும். ஒரு காலால் பனியைப் பின்னோக்கி உதைத்து, மறு காலின்மேல் சறுக்கிச் செல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. உதைக்கும் கணத்தில் பலகை பனியைப் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் கால் பின்னே வழுக்கி, நின்ற இடத்திலேயே நிற்போம். அடுத்த கணத்தில் அதே பலகை பனியை விட்டுவிட்டு வழுக்க வேண்டும். இல்லையேல் அது சறுக்கலாகாது, வெறும் நடையாகும்.

நம் மாட்டுவண்டியை எண்ணிப் பாருங்கள். அச்சும் குடமும் உராயும் இடத்தில் வண்டி மை இடுகிறோம். சக்கரத்தின் வெளிப்புறத்து இரும்புப் பட்டையில் எவரேனும் மை தடவுவரோ? அங்கே அது தரையைப் பற்றியாக வேண்டும். வழுக்க வேண்டிய இடம் வேறு, பற்ற வேண்டிய இடம் வேறு என்று வண்டிக்காரர் பிரித்து வைத்துவிட்டார். பனிச்சறுக்குப் பலகையிலோ இரண்டு வேலையையும் ஒரே அடிப்பக்கம் செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்குக் கண்ட உபாயம் மிக அழகானது. பலகையை முற்றும் தட்டையாகச் செய்யாமல், நடுவில் வில்போல் மேல்நோக்கி வளைத்துச் செய்கிறார்கள். இரு கால்களிலும் எடையைப் பகிர்ந்து நிற்கும்போது நடுப்பகுதி பனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். முன்னும் பின்னும் உள்ள பகுதிகளே எடையைத் தாங்கும். ஒரு காலில் முழு எடையையும் ஊன்றி உதைத்தால் வில் தட்டையாகி, நடுப்பகுதி பனியில் அழுந்தும். ஆகவே முன்னும் பின்னும் வழுக்கு மெழுகு. நடுவில், குதிகாலிலிருந்து முன்னோக்கி ஏறத்தாழ அரை மீட்டர் நீளத்துக்குப் பற்று மெழுகு. வீரனுடைய எடைக்கேற்ப வில்லின் விறைப்பும் அமைய வேண்டும். தந்தையின் பலகை மகனுக்கு உதவாமற் போவதற்கு இதுவே காரணம்.

முதலில் வழுக்குதலைப் பார்ப்போம். பனி ஏன் வழுக்குகிறது? உடலின் எடை அழுத்துவதால் பனி உருகி நீராகிறது என்று பல பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பலகையின் அடிப்பரப்பு ஏறத்தாழ 900 சதுர சென்டிமீட்டர். எழுபது கிலோ எடையுள்ளவர் அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 கிராம் எடைகூட வராது. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை 0.0075 டிகிரிதான் குறையும். ஆக, நம் வீரரின் எடையால் உருகுநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இறங்காது! பலகை உண்மையில் தொடுவது சில பனி முனைகளை மட்டுமே என்பதால் அங்கு அழுத்தம் பன்மடங்கு மிகும் என்பது மெய்தான். ஆயினும் கடுங்குளிரில் அதுவும் போதாது.

பௌடன், ஹியூஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் ஸ்விட்ஸர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலைமேல் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் சோதனைகள் செய்து, 1939ஆம் ஆண்டில் வேறு விடை தந்தனர். உராய்வினால் பிறக்கும் வெப்பமே பனியை மெல்லிதாக உருக்கி நீர்ப்படலம் உண்டாக்குகிறது என்பது அவர்கள் முடிவு. பித்தளை போன்ற உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்திவிடுவதால் குளிரில் சரியாக வழுக்குவதில்லை. எபொனைட் போன்று வெப்பம் கடத்தாத பொருள் நன்கு வழுக்குகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் உராய்வே இல்லாதபோதும் நீர்போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கும் என்று ஃபாரடே 1850ஆம் ஆண்டிலேயே கருதினார். பிற்கால ஆராய்ச்சி அவர் பக்கமும் நின்றிருக்கிறது. கடுங்குளிரில் இப்படலம் போதாமற் போகும். தென்துருவம் சென்றவர்கள், வண்டியை மணலில் இழுப்பதுபோல் இருந்ததென்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

நீர் குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே சிறிது நீரைவிட்டுப் பிரித்துப் பாருங்கள்; அவை எத்துணை உறுதியாக ஒட்டிக்கொள்கின்றன! ஈரப் பனியிலே பலகையும் அவ்வாறே இழுபடும். அதனால்தான் அடிப்பக்கத்தில் மிக நுண்ணிய கோடுகள் கீறி நீர்ப்படலத்தை உடைக்கிறார்கள். நீரை ஒட்டவிடாத மெழுகையும் ஏற்றுகிறார்கள்.

இனி, பருவத் தொடக்கத்தில் நடக்கும் வேலையைச் சொல்லுகிறேன். இதில் அவசரம் உதவாது. கோடை முழுதும் பலகையைக் காக்கவென்று பூசிவைத்த பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். அந்த அடிப்பக்கம் இக்காலத்தில் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. பிறகு மெழுகுக் கட்டியை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருக்கிச் சொட்டவிட்டு, அதே பெட்டியால் மெல்லத் தேய்த்துப் பரப்ப வேண்டும். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தினால் அடிப்பக்கம் தீய்ந்துவிடும். துணி தேய்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆறியபின் பிளாஸ்டிக் சுரண்டியால் மெழுகை வழித்தெடுத்து, தூரிகையால் கோடுகள் தெரியும்வரை துலக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு ஏற்றிய மெழுகை ஏன் வழித்தெடுக்கிறோம் என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல வினா. வேண்டுவது பலகையோடு ஒன்றிய மெல்லிய படலம் மட்டுமே. மேலே தடித்து நிற்கும் மெழுகு பனியிலே உராய்ந்து வேகத்தைக் கெடுக்கும். புதிய பலகைக்கு இவ்வாறு ஏற்றுவதும் வழிப்பதும் பலமுறை நடக்கும்.

பற்று மெழுகின் கதையே வேறு. அதை வெளியே சென்று வெப்பமானியைப் பனியில் செருகிப் பார்த்த பின்னரே தேர்ந்தெடுக்க முடியும். புதிதாய் விழுந்த பனியின் துகள்கள் கூரிய முனைகள் உடையவை. கால் ஊன்றும்போது அம்முனைகள் மெழுகில் பதிந்து பிடித்துக்கொள்கின்றன. கால் இலகுவானதும் விட்டுவிடுகின்றன. கடுங்குளிரில் துகள்கள் கடினமாகவும் கூர்மையாகவும் இருக்கும். அப்போது கெட்டி மெழுகு வேண்டும். சற்று வெப்பமான நாளில் துகள்கள் மழுங்கியிருக்கும். அப்போது மென்மையான மெழுகு வேண்டும். குளிர்நாளில் மென்மெழுகு இட்டவரின் பலகையில் பதிந்த பனி விடாமல் ஒட்டி, காலடியில் கட்டியாகத் திரண்டு நிற்கும். வெப்பநாளில் கெட்டி மெழுகு இட்டவர் மேட்டில் ஏறாமல் பின்னோக்கி வழுக்குவார். பச்சை கடுங்குளிருக்கு, நீலம் நடுத்தரக் குளிருக்கு, சிவப்பு ஈரப்பனிக்கு என்னும் வண்ண முறை உலகெங்கும் பரவியது, ஸ்வீடன் நாட்டு வீரர் மார்ட்டின் மாட்ஸ்போ அமைத்து 1946ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த மெழுகுகளால். மெல்லிதாகத் தடவித் தக்கையால் தேய்த்து, அதன்மேல் மீண்டும் தடவி, இப்படிப் பல படலம் ஏற்றுவது வழக்கம்.

உருகி மறுபடி உறைந்த பழம்பனியில் எந்தக் கெட்டி மெழுகும் நில்லாது. அதற்குக் கிளிஸ்டர் என்னும் பசை உண்டு. பலாப்பழம் அரிந்த கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிசுக்குக்கு ஒப்பானது அது. நார்வே நாட்டுப் பேட்டர் ஓஸ்ட்பியூ என்பவர் அதை முதல் உலகப் போருக்குச் சற்று முன் உருவாக்கினார். அதற்கும் முந்திய காலத்தில் மரப்பலகைகளுக்குப் பைன் மரத்துத் தாரைச் சூடேற்றி ஊட்டினார்கள்.

நம் நாட்டிற்கு இதெல்லாம் அயலானதன்று. 1948ஆம் ஆண்டின் இறுதியில் காச்மீரத்துக் குல்மார்க்கில் நமது இராணுவம் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது; அதுவே வளர்ந்து உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாயிற்று. நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் தாஷி லுண்டுப், 2014ஆம் ஆண்டு சோச்சியில் நதீம் இக்பால், 2018ஆம் ஆண்டு பியோங்சாங்கில் ஜகதீஷ் சிங் ஆகியோர் இந்தியாவுக்காக நின்றனர். பியோங்சாங்கில் 15 கிலோமீட்டரை முதல்வர் ஏறத்தாழ 34 நிமிடத்தில் கடந்தார். ஜகதீஷ் சிங் 43 நிமிடம் எடுத்து 103ஆம் இடத்தில் வந்தார். இந்த ஒன்பது நிமிடமும் மெழுகின் குறையென்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியும் பழக்கமும் முதன்மையானவை. ஆயினும் பெரிய நாடுகளின் அணிகள் மெழுகுக்கென்றே தனி லாரியும், ஒவ்வொரு வீரருக்கும் பற்பல இணைப் பலகைகளும், அவற்றைப் பனியில் ஓட்டிப் பார்க்கும் வல்லுநர்களும் கொண்டு வருகின்றன. அப்படி வந்தும் தவறுவதுண்டு. சோச்சியில் நார்வே நாட்டு ஆடவர் அணி தொடரோட்டத்தில் நாலாம் இடத்திற்கு இறங்கியபோது, அந்நாட்டில் பழி முழுதும் மெழுகின்மேல் விழுந்தது.

இத்தகைய போட்டியில்தான் ஒரு கேடும் நுழைந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஃபுளூரின் சேர்ந்த மெழுகுகள் பந்தயத்தில் புகுந்தன. ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சும் இவையும் ஒரே குடும்பம். நீரையும் அழுக்கையும் இவை அண்டவிடா. ஈரப் பனியில் இவற்றுக்கு இணையில்லை. ஆனால் சூடான பெட்டியால் தேய்க்கும்போது எழும் புகையை, மூடிய அறையில் நாள்தோறும் சுவாசித்தவர்கள் மெழுகிடுவோர். எட்டு மெழுகு வல்லுநர்களின் இரத்தத்தைச் சோதித்து 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பி.எஃப்.ஓ.ஏ. என்னும் ஃபுளூரின் சேர்மம் ஸ்வீடனில் பொதுவாக ஆடவர் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 2.5 நானோகிராம் அளவில் இருந்தது. இவர்களுள் மிகுதியாகக் காணப்பட்டவரிடம் அது 500ஐத் தாண்டியிருந்தது. இச்சேர்மம் எளிதில் சிதையாது. உடலிலும் மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் தங்கும். புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வு முகமை 2023ஆம் ஆண்டில் இதைச் சேர்த்தது. பதக்கம் அணிந்தவரைப் படம் பிடித்தவர்கள், பின்னறையில் இஸ்திரிப் பெட்டியுடன் நின்றவரை ஏறிட்டும் பார்த்ததில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு இம்மெழுகைத் தடுக்கப்போவதாக 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. கலப்பைக் கண்டறியும் கருவி கைக்கு வரும்வரை காத்திருந்து, 2023-24 பருவம் முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அகச்சிவப்புக் கதிரைப் பலகையின் அடிப்பக்கத்தில் பாய்ச்சி, மீளும் கதிரைக் கொண்டு ஃபுளூரின் உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்கிறார்கள். ஓராண்டுக்கு முன் ஏற்றிய மெழுகின் எச்சம்கூட அகப்படும் என்பதால், பழைய பலகைகளையும் தூரிகைகளையும் முற்றிலும் கழுவித் துலக்க வேண்டியதாயிற்று. பலவற்றை ஒதுக்கியும் விட்டார்கள். ஈரப்பனி நாட்களில் வல்லுநர்கள் இப்போது கோடு கீறுவதிலே மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள். நீர்ப்படலத்தை உடைக்கும் அந்த வேலையில் பாதியை முன்பு ஃபுளூரின் செய்துகொண்டிருந்தது.