இல்லத்துக் கணினிக்குக் காவல்

இரவில் வாயிற்கதவைத் தாழிடும் இல்லத்தார், கணினியின் கதவை மட்டும் திறந்து வைத்தல் முறையாகுமா?

மங்கிய குடும்பப் படமொன்றைத் துலக்குதற்கு இலவச மென்பொருள் தேடுவோர், தம்மையறியாமலே வேவு மென்பொருளையும் உடன் அழைத்து வருதல் உண்டு. விசைப்பலகையில் தட்டும் கடவுச்சொற்களைக் கவர்ந்து பிறர்க்கு அனுப்ப வல்லது அது. ஆதலின், எம்மென்பொருளையும் அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். நிறுவும்போது தோன்றும் ஒவ்வொரு வினாவையும் வாசித்த பின்னரே இசைவு அளித்தல் வேண்டும்.

இசைவு கேளாமலே புகும் பகையும் உண்டு. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய 'வன்னாக்கிரை' அத்தகையது. ஏறத்தாழ 150 நாடுகளில் அது கணினிக் கோப்புகளைப் பூட்டி, அவற்றை விடுவிக்க 300 டொலர் பெறுமதியான பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது பரவிய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையோ, மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது! அதனை உரிய காலத்தில் பொருத்திய கணினிகளில் அவ்வழியே அது புக இயலவில்லை.

ஆகவே, 'புதுப்பிக்கவும்' என்னும் அறிவிப்பை நாளைக்கெனத் தள்ளிவைத்தல் தகாது. படங்களுக்கும் பத்திரங்களுக்கும் வேறொரு வட்டில் படியெடுத்து, எடுத்தவுடன் அவ்வட்டைக் கழற்றி வைத்தலும் இன்றியமையாதது. இணைத்தே வைப்பின் அதுவும் உடன் பூட்டப்படலாம். கேட்ட பணத்தைக் கொடுத்தாலும் கோப்புகள் மீளும் என்னும் உறுதி இல்லை. மறைந்த பாட்டனாரின் ஒரே படத்தை எப்பணம் கொண்டு மீட்பது? வருமுன் காத்தலே அறிவுடைமை.